வீட்டைப் படமெடுக்க முன்...

மிசிசாகாவில் முதல் வீட்டை வாங்கிச் சில வருடங்கள் வாழ்ந்து, பிள்ளைகள் வளர இன்னுமோர் அறை தேவைப்பட, எம்மவர் பலர் அந்த வீட்டை விற்க முனைகின்றனர். முகவரோடு ஒப்பந்தம் எழுதியதும் அவர் சொல்வது இதுதான்: "அடுத்த கிழமை படமெடுக்க ஆள் வரும். வீட்டை ஒதுக்கி வையுங்கோ. சுவரிலை இருக்கிற படங்களையும் கழட்டினால் நல்லது."

பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது. சுவரில் இருப்பது மாலை போட்ட அப்பாவின் படம். ஊரிலிருந்து கொண்டுவர முடிந்தது அது ஒன்றுதான். "எங்கடை வீட்டிலேயே எங்களை ஒளிச்சு வைக்கிறதோ?" என்று அம்மாமார் கேட்பதிலும் நியாயம் உண்டு.

ஆனால் ஒன்றை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். இன்று வாங்க வருபவர் வீட்டை முதலில் பார்ப்பது கணினியிலும் கைத்தொலைபேசியிலும்தான். அதே படங்களை முன்பின் தெரியாத எவரும் பார்க்கலாம். வீடு விலைப்பட்ட பின்னும் அவை எங்காவது கிடக்கும். பிள்ளைகளின் முகம், சான்றிதழிலுள்ள பெயர், குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டிய கடிதம், நகைப்பெட்டி, மருந்துப் போத்தல் எதுவும் அதில் தெரியக்கூடாது. இவற்றை எடுத்து வைப்பது வெட்கத்தால் அல்ல, எமது பாதுகாப்புக்காக. சாமிப்படங்களை எடுப்பதா விடுவதா என்பது உங்கள் விருப்பம். முகவரோடு பேசி முடிவெடுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். குசினி மேடையில் கிரைண்டர், தூள் போத்தல்கள், அரிசி மூட்டை எதுவும் இருக்க வேண்டாம். வாசலிலுள்ள சப்பாத்துகளையும் குளிர் அங்கிகளையும் அலுமாரிக்குள் வையுங்கள். குளியலறையில் வாளியை எடுத்து, மலகூட மூடியை மூடிவிடுங்கள். யன்னல் சீலைகளை விலக்கி, எரியாத மின்குமிழ்களை மாற்றுங்கள். ஓர் அறையில் மஞ்சளும் வெள்ளையுமாக இருவகை வெளிச்சம் இருந்தால் படம் நன்றாக வராது. வீட்டின் முகப்பில் வெயில் விழும் நேரத்தைப் படமெடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பனிக்காலமென்றால் நடைபாதையை வழித்து, காரை வேறிடத்தில் நிறுத்துங்கள். படமெடுக்கும் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் கையொப்பமிட முன்னரே கேட்டறிவது நல்லது.

ஒதுக்குவது வேறு, ஏமாற்றுவது வேறு. நீர்க்கசிவுக் கறையையோ வாசலிலுள்ள மின்கம்பத்தையோ கணினியில் அழித்துவிடச் சொல்லாதீர்கள். ஒன்ராறியோவில் 2023 டிசெம்பர் 1 முதல் வீடு விற்பனை முகவர்களுக்குப் புதிய சட்டம் நடைமுறையில் உள்ளது. தவறான எண்ணம் தரும் விளம்பரத்தை முகவர் வெளியிட முடியாது. அனுமதி பெறாத பேஸ்மென்ற் பகுதியைச் சட்டபூர்வமான வாடகைப் பகுதியென்று காட்டுவதும் அத்தகையதே.

பேஸ்மென்ற்றில் குடியிருப்பவர் இருந்தால், அது அவருடைய வீடு என்பதை மறக்க வேண்டாம். வாங்க வருபவருக்கு அதைக் காட்டுவதானால், குறைந்தது 24 மணித்தியாலங்களுக்கு முன் எழுத்தில் அறிவித்து, காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையிலேயே உள்ளே செல்லலாம். அவருடைய பொருட்கள் படத்தில் விழுமானால் முதலில் அவரது சம்மதத்தைக் கேளுங்கள். நாமும் ஒருகாலம் பேஸ்மென்ற்றில் இருந்தவர்கள்தானே.

கடைசியாக ஒரு விடயம். 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் நடந்தவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். விட்டுவந்த வீட்டின் படம் ஒன்றுகூட இல்லாதவர்கள் பலர். ஆகவே எதையும் ஒதுக்க முன், வீடு இருக்கிறபடியே நீங்கள் ஒரு படம் எடுத்து வையுங்கள். சுவரில் அப்பா, சாமித்தட்டில் விளக்கு, வாசலில் குவிந்த சப்பாத்துகள், பிள்ளைகளின் உயரம் குறித்த பென்சில் கோடுகள் எல்லாம் அதில் இருக்கட்டும். முகவர் எடுப்பிக்கும் படம் வாங்குபவருக்கு. இது எங்கள் பிள்ளைகளுக்கு.