குடல் குழம்பும் குடலும்

பல்லாவரம் வாசகி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். ஞாயிறு மதியம் வீட்டில் போட்டிக் குழம்பு. இலையில் இரண்டாம் முறை போட்டுக்கொண்ட எட்டாம் வகுப்பு மகன், "ஏம்மா, ஆட்டுக் குடலை நம்ம குடல் செரிச்சிடுதே, அது தன்னையே ஏன் செரிச்சுக்கல?" என்று கேட்டானாம். "பேசாம சாப்பிடு" என்று சொல்லிச் சமாளித்த அம்மா, கடிதத்தின் கீழே தன் கேள்வி ஒன்றையும் சேர்த்திருக்கிறார்: பிரியாணி சாப்பிட்டதும் குடிக்கச் சொல்லி மருந்துக்கடையில் தருகிற என்சைம் சிரப்பை வாங்கலாமா?

அம்மாவின் கேள்விக்குப் பதில் சின்னது, பிறகு சொல்கிறேன். மகனின் கேள்வி பெரியது. எச்சிலில் அமிலேஸ், இரைப்பையில் பெப்சின், கணையத்தில் டிரிப்சினும் லைபேஸும் என்பதெல்லாம் பள்ளிக்கூடப் படத்திலேயே இருக்கிறது. எந்த நொதி எதை வெட்டும் என்று அந்தப் படம் சொல்லும். வேண்டாததை அது ஏன் வெட்டுவதில்லை என்று சொல்லாது.

கேள்வி பல்லாவரத்திலிருந்து வந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது. குரோம்பேட்டைக்குப் பெயர் தந்த குரோம் லெதர் தொழிற்சாலையும், நாகல்கேணிப் பக்கத்துத் தோல் பதனிடும் ஆலைகளும் இருந்த வட்டாரம் அது. (அந்தத் தொழிலின் குரோமியம் நிலத்தடி நீரை என்ன செய்தது என்பது தனிக் கட்டுரை, எழுதினால் இவ்வளவு உற்சாகமாக இருக்காது.) தோல் பதனிடுவதில், சுண்ணாம்பில் ஊறி மயிர் உதிர்ந்த தோலை மிருதுவாக்க 'பேட்டிங்' என்று ஒரு கட்டம் உண்டு. தோலை வெதுவெதுப்பான நீரில் போட்டு, காரத்தன்மையை pH 8-ஐ ஒட்டி வைத்து, ஒரு பொடியைத் தூவுவார்கள். அந்தப் பொடி பல காலம் கால்நடைகளின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. இப்போது பாக்டீரியாவிலிருந்து எடுத்ததும் சேர்கிறது. உள்ளே இருக்கும் முக்கிய சரக்கு டிரிப்சின். 35, 37 டிகிரி வெப்பம், லேசான காரம், டிரிப்சின்: இது முன்சிறுகுடலின் நிலவரமேதான். தொழிலாளி தோலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். விரல் பதிந்த தடம் அப்படியே நின்றால் வேலை முடிந்தது.

வரலாறு வேண்டும் என்பவர்களுக்காகச் சுருக்கமாக: டிரிப்சினை இனங்கண்டு பெயர் வைத்தவர் ஜெர்மனியின் வில்லி கூனே, 1876-இல். பாவ்லோவின் சோதனைக்கூடத்தில் 1899-இல், அந்த டிரிப்சினை முடுக்கிவிடும் என்டரோகைனேஸ் என்ற நொதி அகப்பட்டது. ஐரோப்பியத் தோல் ஆலைகள் அப்போதும் பேட்டிங்குக்கு நாய் மலத்தையும் புறா எச்சத்தையும் கரைத்துக்கொண்டிருந்தன. அதிலும் நொதி இருக்கத்தான் செய்தது. நாற்றமும் கூடவே இருந்தது. 1907-ஐ ஒட்டி ஓட்டோ ரோம் என்ற வேதியியலாளர் அதற்குப் பதில் கணையச் சாற்றை விற்க ஆரம்பித்தார். வரலாறு போதும்.

தோல் முழுக்கப் புரதம்தானே? புரதத்தை வெட்டுகிற டிரிப்சினில் மணிக்கணக்கில் கிடந்தும் அது கரைந்து கூழாகாமல் மிருதுவாக மட்டும் ஏன் ஆகிறது? காரணம் கொலாஜன். மூன்று புரத இழைகள் ஒன்றோடொன்று இறுக முறுக்கிக்கொண்ட அமைப்பு அது. டிரிப்சின் ஓர் இழையை வெட்ட வேண்டுமானால் அந்த இழை கொஞ்சமாவது பிரிந்து அதன் வாய்க்குள் வர வேண்டும். முறுக்கு குலையாத கொலாஜன் வரவே வராது. ஆகையால் இழைகளுக்கு இடையே அடைந்து கிடக்கும் வேறு புரதங்களை மட்டும் டிரிப்சின் வெட்டிப் போடுகிறது, தோல் தளர்கிறது. இந்த முறுக்கின் வடிவத்தைக் கண்டுபிடித்தவர்களும் நம்மூர்க்காரர்களே. மதராஸ் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் அதை வெளியிட்டார்கள்.

போட்டிக் குழம்புக்கு வருவோம். குடலின் உறுதியும் பெரும்பகுதி கொலாஜன்தான். அதைக் குக்கரில் வைத்து விசில் விட்டால் வெப்பத்தில் முறுக்கு பிரிந்து கொலாஜன் ஜெலட்டின் ஆகிவிடும். ஆட்டுக்கால் பாயா ஆறினால் கட்டிப்படுவது அந்த ஜெலட்டினால். பிரிந்த இழை டிரிப்சினுக்கு அல்வா மாதிரி. மற்ற புரதங்களும் சூட்டில் மடிப்பு குலைந்து வெட்டுக்குத் தோதாகிவிடுகின்றன. பாதிச் செரிமானத்தை அடுப்பே முடித்துவிடுகிறது என்று சொன்னால் தப்பில்லை. மகனுக்கு முதல் பாதி பதில் இதுதான்: தம்பி, உன் குடல் வேகவில்லை. தவிர, அதன் உள்சுவர் மேல் சளிப்படலம் இருக்கிறது. அந்தச் சளியின் புரதங்களைச் சர்க்கரைச் சங்கிலிகள் மூடியிருப்பதால் நொதி கிட்டே நெருங்க முடியாது. அதையும் மீறிச் சேதமானாலும் பாதகமில்லை, உள்சுவரின் செல்களே நாலைந்து நாளுக்கு ஒரு முறை உதிர்ந்து புதிதாகின்றன.

இவ்வளவும் குடலுக்குச் சொன்ன சமாதானம். கணையத்துக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. நூறு கிராமை ஒட்டிய எடையுள்ள மெத்தென்ற உறுப்பு அது. தினமும் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் சாறு சுரக்கிறது. அந்தச் சாற்றில், கணையம் எந்தப் புரதங்களால் ஆகியிருக்கிறதோ அவற்றையே வெட்டும் நொதிகள். அவற்றைத் தன் செல்லுக்குள்ளேயே செய்து, செல்லுக்குள்ளேயே சேமித்தும் வைக்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் அலுக்காத இடம் இதுதான்.

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் புதுக் கத்தரிக்கோல் வாங்கியிருப்பீர்கள். அலகு இரண்டையும் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கியிருப்பார்கள். அந்த டேக்கை வெட்ட ஒரு கத்தரிக்கோல் வேண்டும். கணையம் டிரிப்சினை இப்படித்தான் அனுப்புகிறது. டேக் போட்ட சரக்கின் பெயர் டிரிப்சினோஜன். மனித டிரிப்சினோஜனில் அந்த டேக், சங்கிலியின் முன்முனையில் எட்டே எட்டு அமினோ அமிலங்கள். அதை வெட்டும் வீட்டுக் கத்தரிக்கோல் என்டரோகைனேஸ். அது கணையத்தில் கிடையாது. குழாய் வழியே சரக்கு வந்து சேரும் முன்சிறுகுடலின் சுவரில், யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாதபடி, சங்கிலி போட்டு மாட்டியிருக்கிறது. அது முதல் டேக்கை வெட்டியதும் ஒரு டிரிப்சின் விடுதலையாகிறது. விடுதலையான டிரிப்சின் அடுத்த டிரிப்சினோஜனின் டேக்கை வெட்டும். கைமோடிரிப்சின், எலாஸ்டேஸ், கார்பாக்சிபெப்டிடேஸ் என்று கூடவே வந்த எல்லாப் பெட்டிகளின் டேக்கையும் அதுவே வெட்டும். மாவுச்சத்தை வெட்டும் அமிலேஸுக்கு டேக் இல்லை. அது புரதத்தைத் தொடாது, ஆகவே பயமில்லை.

இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும். ஒரு டிரிப்சின் இன்னொன்றின் டேக்கை வெட்டும் என்றால், கணையத்துக்குள்ளேயே தப்பித்தவறி ஒன்று திறந்துகொண்டால் கடை முழுக்கத் திறந்துவிடாதா? டிரிப்சின் வெட்டுவது லைசின், ஆர்ஜினின் என்ற இரண்டு அமினோ அமிலங்களை அடுத்துதான். டேக்கின் கடைசி அமினோ அமிலமும் லைசின்! ஆனால் அதற்கு முன்னால் வரிசையாக நான்கு அஸ்பார்டிக் அமிலங்கள் உட்கார்ந்திருக்கின்றன. நான்கும் எதிர்மின்னூட்டம் கொண்டவை. டிரிப்சினுக்கு அந்தக் கும்பலைக் கண்டால் ஆகாது, தயங்கி நிற்கும். என்டரோகைனேஸோ அந்த நான்கையும் அடையாளம் கண்டு பிடித்துக்கொண்டு லைசினை அடுத்து வெட்டும். ஒன்றுக்கு முகவரியாக இருப்பதே இன்னொன்றுக்குத் தடை.

டேக் அறுந்த பிறகு நடப்பது இன்னும் விசேஷம். அறுந்ததால் வெளிப்பட்ட புதிய முனை சும்மா தொங்குவதில்லை. அது மடங்கி மூலக்கூறுக்கு உள்ளே போய் ஓர் அஸ்பார்டிக் அமிலத்தோடு கைகோக்கிறது. அந்தப் பிணைப்பால்தான் வெட்டும் வாயே சரியான வடிவத்துக்கு வருகிறது. அதாவது டேக்கை வெட்டிய இடத்து நுனி உள்ளே நுழைந்து கத்தரிக்கோலின் நடு ஆணியாகிவிடுகிறது. அதுவரை ஆணியே இல்லாத இரண்டு தகடுதான். இப்படி ஒரு கத்தரிக்கோல் எந்தச் சந்தையிலும் கிடைக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன்; ஆனாலும் ஒப்புமையை விடுவதாக இல்லை. ஏனென்றால் பெட்டிக்குள் ஒரு தொப்பியும் வருகிறது. ஸ்பிங்க்-1 என்ற சின்னப் புரதத்தைக் கணையம் டிரிப்சினோஜனோடு சேர்த்தே அடைக்கிறது. எதிர்பாராமல் திறந்த டிரிப்சினின் வாயில் அது போய் மாட்டிக்கொண்டு மூடிவிடும். மொத்த டிரிப்சினில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அடக்க இந்தத் தொப்பிகள் போதும். அதற்கும் மேல் போனால், டிரிப்சின் சங்கிலியின் 122-ஆவது இடத்தில் ஓர் ஆர்ஜினின் இருக்கிறது. அங்கே ஒரு டிரிப்சின் இன்னொரு டிரிப்சினையே வெட்டும். கத்தரிக்கோல்கள் ஒன்றின் கைப்பிடியை ஒன்று நறுக்கிக்கொண்டு சாகும்.

இந்தக் காவல் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கணைய அழற்சி வந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள் 1996-இல் கண்டது, அந்த 122-ஆவது இடத்து ஆர்ஜினின் மாறியிருந்ததைத்தான். அந்த நான்கு அஸ்பார்டிக் அமிலங்களில் ஒன்று மாறிய குடும்பங்களும் பிறகு கிடைத்தன.

நம் பக்கத்து ஆதாரம் இன்னும் நெருக்கமானது. மதுப் பழக்கமே இல்லாத சிறுவர்களுக்குத் திரும்பத் திரும்ப வயிற்றுவலி, கணையக் குழாயில் சுண்ணாம்புக் கற்கள், இளவயதிலேயே நீரிழிவு. வெப்பமண்டலக் கணைய அழற்சி என்ற இந்த நோயை 1959-இல் இந்தோனேசியாவிலிருந்து சூய்டெமா எழுதினார். 1960-களில் கேரளத்தில் மருத்துவர் கீவர்கீஸ் ஏராளமான நோயாளிகளைப் பதிவு செய்தார். சென்னையில் மருத்துவர் வி. மோகன் முதலானோர் அதன் நீரிழிவைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். மரவள்ளிக்கிழங்கின் சயனைடுதான் காரணம் என்ற பேச்சு வெகுகாலம் ஓடியது. கிழங்கே சாப்பிடாதவர்களுக்கும் நோய் வந்ததால் அது தளர்ந்தது. 2002-இல் ஐதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தினரும் வேறொரு குழுவினரும் நோயாளிகளில் கணிசமானோரிடம் ஸ்பிங்க்-1 புரதத்தின் 34-ஆவது இடத்தில் மாற்றம் இருப்பதைக் காட்டினார்கள். தொப்பியில்தான் பழுது! உடனே 'கணைய நோய்க்கான ஜீன்' என்று தலைப்பு போட்டுவிடக் கூடாது. அதே மாற்றம் நோயில்லாதவர்களில் நூற்றுக்கு ஒருவர், இருவரிடமும் இருக்கிறது. சோதனைக்குழாயில் பார்த்தால் மாறிய தொப்பியும் டிரிப்சினை ஒழுங்காகவே மூடுகிறது. மாற்றம் எந்த வழியில் கெடுதல் செய்கிறது என்பது இன்னும் தீராத வழக்கு.

ஆக, செரிமானத்தில் உடம்பு படும் பாடெல்லாம் வெட்டுவதற்கு அல்ல, வெட்டாமல் இருப்பதற்கு. 'செரிமான சக்தியைக் கூட்டுங்கள்' என்று விளம்பரம் செய்பவர்களுக்கு இந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. சக்தி குறைவாகவா இருக்கிறது? அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் 1973-இல் அளந்து பார்த்தார்கள். கணைய நொதிச் சுரப்பு வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே விழுந்த பிறகுதான் நோயாளிகளின் மலத்தில் கொழுப்பு தென்பட்டது. தேவையைப் போலப் பல மடங்கு கையிருப்பு வைத்திருக்கும் கடைக்கு நாம் இரண்டு ஸ்பூன் சரக்கு கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

அந்த இரண்டு ஸ்பூனில்தான் என்ன இருக்கிறது? பெரும்பாலான சிரப்புகளின் லேபிளில் இரண்டு பெயர்கள்: பூஞ்சையிலிருந்து எடுத்த டயஸ்டேஸ், பெப்சின். முதலாவது மாவுச்சத்துக்கு. இரண்டாவதை உங்கள் இரைப்பை காசு வாங்காமல் சுரக்கிறது. பிரியாணியின் கனம் கொழுப்பால் வருவது. கொழுப்பு முன்சிறுகுடலுக்கு வந்ததும் அங்கிருந்து கொலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் கிளம்பி, 'மெதுவாக அனுப்பு' என்று இரைப்பைக்குச் சொல்கிறது. வயிறு கல் மாதிரி இருப்பது அந்த உத்தரவு ஒழுங்காக நடக்கிறது என்பதற்கு அடையாளம். சிரப்பில் கொழுப்பை வெட்டும் லைபேஸும் இல்லை, உத்தரவை மாற்றும் சரக்கும் இல்லை. ஏலக்காய் வாசனை இருக்கும்.

நொதி மருந்தே வீண் என்று சொல்லவில்லை. நாள்பட்ட கணைய அழற்சிக்காரர்களுக்கும் கணையத்தை அறுவை செய்து எடுத்தவர்களுக்கும் அது உயிர்காக்கும் மருந்து. ஆனால் அது வேறு பொருள்: பன்றிக் கணையத்திலிருந்து எடுத்து, இரைப்பை அமிலத்தில் லைபேஸ் கெட்டுப்போகாதபடி பூச்சுப் போட்ட சிறு உருண்டைகளை அடைத்த கேப்சூல். ஒரு கேப்சூலில் 10,000, 25,000 லைபேஸ் அலகுகள் என்று கணக்கு எழுதியிருக்கும். சாப்பாட்டோடு சாப்பாடாக விழுங்க வேண்டும், எல்லாம் முடிந்து ஏப்பம் விட்ட பிறகு அல்ல. நாகல்கேணியின் தோல் தொட்டியில் தூவிய பொடிக்கு இதுதான் நெருங்கிய சொந்தம்.

ஆகவே வாசகிக்கு: சிரப் வேண்டாம். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாய்கிற வலி, காரணமில்லாமல் எடை குறைவது, எண்ணெய்ப் பிசுக்கோடு தண்ணீரில் மிதக்கும் மலம், இவற்றில் ஒன்று இருந்தாலும் மருந்துக்கடைக்குப் போகாமல் மருத்துவரிடம் போங்கள். டிரிப்சின் டேக் வெட்டிவிட்ட கூட்டத்தில் எலாஸ்டேஸ் மட்டும் குடலின் கடைசிவரை சிதையாமல் வந்து சேருவதால், மலத்தில் அதை அளக்கும் பரிசோதனை உண்டு. கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் கணையத்தின் சுரப்பில் குறையில்லை என்று வைத்துக்கொள்ளலாம். யாராவது உங்களுக்கு 'என்சைம் குறைபாடு' என்று சொன்னால், அந்த எண்ணைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.