கொல்கத்தாச் சீனர்களின் புத்தாண்டு வழக்கங்கள்

சீனப் புத்தாண்டு பொதுவிழாவாயினும் அதன் வழக்கங்கள் வட்டாரந்தோறும் வேறுபடுகின்றன. வடசீனத்தில் கோதுமைமாவுக் கொழுக்கட்டையும் தென்சீனத்தில் பசையரிசிமாவு இனிப்பும் சிறப்பிடம் பெறுகின்றன. கொல்கத்தாவில் குடியேறிய ஹக்கா, காண்டனியப் பிரிவினரிடம் புதியதொரு வழக்கம் தோன்றியது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹூக்ளி ஆற்றங்கரையில் சர்க்கரை ஆலை நிறுவிய தோங் அச்சியூவின் பெயரால் அச்சிப்பூர் வழங்குகிறது. கொல்கத்தாச் சீனர்கள் புத்தாண்டையொட்டி அங்குச் சென்று, அவர் கல்லறையிலும் நிலத்தெய்வக் கோயிலிலும் வழிபடுகின்றனர். இதனால் முன்னோர் வழிபாட்டு மரபு குடியேற்றத்தின் முதல்வரையும் தழுவியது. தாங்ராவின் சீனக் காளி கோயிலில் நூடுல்சும் படையலாகிறது. 1962ஆம் ஆண்டுப் போருக்குப்பின் பலர் கனடா முதலிய நாடுகளுக்குப் பெயர்ந்தனர். எஞ்சியோர் அச்சிப்பூர் வழிபாட்டைத் தொடர்கின்றனர். எனவே, புலம்பெயர்ந்தோர் விழாக்களை ஆராய்வோர் தாயக மரபோடு குடியேறிய நிலத்தின் வரலாற்றையும் இணைத்து நோக்குதல் வேண்டும்.