அல்லி ராணியின் கோட்டை

நானாட்டானிலிருந்து அருவியாற்றைக் கடந்து அரிப்புப் பக்கம் போனால், கடலோர மேட்டில் ஓர் உடைந்த கட்டடம் தெரியும். எங்கள் பகுதியில் யாரைக் கேட்டாலும் "அது அல்லி ராணி கோட்டை" என்றுதான் சொல்வார்கள். ஆண் துணையின்றி முத்துக் கடலை ஆண்ட ராணி அங்கே இருந்தாளாம்.

உண்மையில் அந்தக் கட்டடத்தைக் கட்டியது அல்லியல்ல. இலங்கையின் முதல் பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பைப் பார்வையிடும்போது தங்குவதற்காக 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டுவித்த மாளிகை அது. சிப்பிகளைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பைப் பூசிச் சுவர்களைப் பளிங்குபோல் மினுக்கியிருந்தார்களாம். போர்த்துக்கேயர் கட்டி, பின்பு ஒல்லாந்தர் கைக்குப் போன அரிப்புக் கோட்டை வேறு. கண்டியில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் 1679இல் தப்பி வந்து சேர்ந்தது அந்தக் கோட்டைக்குத்தான்.

ஆளுநரின் பெயர் இன்று ஊரில் எவருக்கும் ஞாபகமில்லை. அல்லியின் பெயர்தான் நிலைத்திருக்கிறது. அது ஏன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

அல்லியின் கதையை 'அல்லி அரசாணி மாலை' என்ற பழைய கதைப்பாடல் சொல்கிறது. பிள்ளையில்லாத பாண்டிய மன்னன் அல்லிப் பூவில் கண்டெடுத்த குழந்தை அவள். நாட்டைப் பறித்துக்கொண்ட நீன்முகன் என்பவனை வென்று, மதுரையில் தானே முடி சூடினாள். அவளுடைய காவலும் படையும் மந்திரி சபையும் பெண்கள்தான். அருச்சுனன் அவள்மேல் ஆசைப்பட்டு வந்தான். அவள் இசையவில்லை. கண்ணனின் உதவியோடு பாம்பு வடிவில் அரண்மனைக்குள் புகுந்து, அவள் நித்திரையாய்க் கிடந்தபோது தாலியைக் கட்டிவிட்டான்.

சகோதரிகளே, இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். கூத்திலும் நாடகத்திலும் இதைச் சிரிப்புக் காட்சியாகவே நடிப்பார்கள். நானும் சிறு வயதில் சிரித்தவள்தான். ஆனால் கதையில் அல்லி சிரிக்கவில்லை. விடிந்ததும் கழுத்தைப் பார்த்துக் கொதித்து எழுகிறாள். பெண்ணின் சம்மதமின்றிக் கட்டிய தாலி கலியாணமாகுமா என்ற கேள்வியைக் கதை கேட்டுவிட்டு, பிறகு சமாதானமாகி, புலந்திரன் என்ற பிள்ளையும் பிறந்ததாகக் கொண்டுபோய்விடுகிறது. எனக்கு அந்தச் சமாதானத்தைவிட அந்தக் கோபம்தான் மனதில் நிற்கிறது.

வியாசரின் பாரதத்தில் அல்லி இல்லை. அருச்சுனன் மணந்த சித்திராங்கதையே தென்னாட்டில் அல்லியானாள் என்று சொல்பவர்கள் உண்டு. அதைவிடப் பழைய செய்தி ஒன்றும் இருக்கிறது. ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவுக்கு வந்த கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ், பண்டையா என்ற அரச மகள் தென்னாட்டை ஆண்டதாகக் கேள்விப்பட்டு எழுதினார். அவளுடைய தகப்பன் கடலில் முத்தைக் கண்டு மகளுக்கு அணியாகச் சேர்த்தானாம். 500 யானைகளும், 4,000 குதிரைப் படையும், 1,30,000 காலாட்படையும் அவளுக்கு இருந்தனவாம். கணக்கு மிகையாக இருக்கலாம். ஆனாலும் பாண்டி நாடு, முத்து, ஆளும் பெண் ஆகிய மூன்றும் அப்போதே ஒன்றாய்ப் பேசப்பட்டிருக்கின்றன.

இந்தக் கரைக்கு இன்னொரு பெண்ணின் கதையும் உண்டு. விஜயன் வந்திறங்கியபோது மரத்தடியில் நூல் நூற்றுக்கொண்டிருந்த குவேனியை மகாவம்சம் சொல்கிறது. அவன் நாட்டைப் பிடிக்கத் துணை நின்றவள் அவள். இரண்டு பிள்ளைகள் பிறந்த பின் மதுரையிலிருந்து அரசகுமாரியை வரவழைத்து, குவேனியைப் போகச் சொல்லிவிட்டான். தன் இனத்தவரிடம் திரும்பியவளை அவர்களே கொன்றார்கள். மாமனாரான பாண்டியனுக்கு விஜயன் ஆண்டுதோறும் முத்து அனுப்பினான் என்றும் அதே நூல் சொல்கிறது. குவேனிக்கு என்ன கொடுத்தான் என்று அதில் இல்லை.

எங்கோ அயர்லாந்திலும் இப்படி ஒரு ராணி இருக்கிறாள். மேவ் என்பது பெயர். தன் சொத்தும் கணவனின் சொத்தும் சமமா என்று எண்ணிப் பார்த்து, ஒரு காளை குறைந்ததற்காகப் போருக்கே போனவள். ஸ்லைகோ என்ற ஊருக்கருகே மலையுச்சியில் உள்ள பெரிய கற்குவியலை அவளுடைய சமாதி என்கிறார்கள். அதுவோ சுமார் 5,000 ஆண்டுகள் பழையது, அவள் கதைக்கு மிக முந்தியது. யாரோ கட்டியதற்கு ராணியின் பெயரைச் சூட்டுவது எங்களிடம் மட்டுமுள்ள பழக்கமல்ல.

எங்கள் ஊர்ப் பேச்சிலோ அல்லியின் பெயர் வசையாகவும் வரும். ஒரு பெண் வீட்டை நடத்தினால் "அங்கே அல்லி ராச்சியம்" என்பார்கள். 2007இல் அரிப்பு, சிலாவத்துறைப் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்து, பிறகு திரும்பி வந்தபோது, எத்தனையோ வீடுகளுக்கு ஆண்கள் திரும்பவில்லை. வயலுக்குத் தண்ணீர் கேட்டு நிற்பதும், காணி உறுதிக்காகக் கச்சேரிக்கு அலைவதும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதும் அந்தப் பெண்களே. அவர்களைப் பார்த்து இந்தச் சொல்லைச் சொன்னவர்களும் உண்டு. காவல், படை, மந்திரி என்று அல்லிக்கு ஆட்கள் இருந்தார்கள். இவர்களுக்கு ஒரு சைக்கிள்கூடச் சிலவேளை இரவல்தான்.

கோட்டை இருக்கும் மேட்டைக் கடல் அரித்துக்கொண்டே வருகிறது. ஒரு பகுதி ஏற்கெனவே சரிந்து விழுந்துவிட்டது. போகிறவர்கள் விளிம்புக்குப் போகாமல், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பாருங்கள். உங்கள் அம்மம்மா, அப்பம்மா அல்லியின் கதையை வேறு விதமாய்ச் சொல்லியிருந்தால் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். முக்கியமாக, விடிந்ததும் அவள் அருச்சுனனிடம் என்ன சொன்னாள் என்பதை.