கதிரைக்காக உடலா, உடலுக்காகக் கதிரையா?

வன்னியிலுள்ள ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் பணிச்சூழலியல் தொழில்நுட்பவியலாளராக வேலை செய்கிறேன். இந்தப் பெயரைச் சொன்னால் ஊரில் பலருக்கு விளங்குவதில்லை. "கதிரை, மேசை அளக்கிற வேலை" என்றுதான் அம்மாவே அயலட்டைக்குச் சொல்லுவா. அது பிழையுமில்லை. வேலைக்கேற்ப மனிதரை வளைக்காமல், மனிதருக்கேற்ப வேலையை மாற்றுவதே இந்தத் துறை.

அளவுநாடாவை எடுக்க முன்னர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பேன். தைப்பவரின் கழுத்து எவ்வளவு குனிகிறது, தோள் உயர்கிறதா, மணிக்கட்டு மடங்குகிறதா, பாதம் பெடலில் முழுமையாகப் பதிகிறதா என்று குறித்துக்கொள்வேன். 1993 இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட 'ரூலா' என்ற முறைப்படி இவற்றுக்குப் புள்ளியிடுவோம். முடிவில் 1 முதல் 7 வரை ஓர் எண் வரும். 1, 2 என்றால் பெரிதாகக் கவலையில்லை. 7 என்றால் உடனே மாற்றவேண்டும்.

ஆனால் யுத்தம் உடலுக்குள் விட்டுச்சென்றதை அந்த எண் காட்டாது.

ஓர் அக்காவின் கதிரை மிகவும் பதிவாக இருந்தது. தோள்களைத் தூக்கியபடியே தைத்துக்கொண்டிருந்தார். கதிரையை உயர்த்தினேன். தோள் இறங்கியது, புள்ளியும் குறைந்தது. மூன்றாம் நாள் பார்த்தால், கதிரையைப் பழையபடி பதித்துவிட்டிருந்தார். மேற்பார்வையாளர் அதைப் பிடிவாதம் என்றார்.

சாப்பாட்டு நேரம் பக்கத்தில் போயிருந்து கேட்டேன். நெடுநேரத்துக்குப் பிறகு, "வலது முழங்காலுக்க செல் துண்டு கிடக்குது தங்கச்சி. காலை நீட்டி மிதிச்சா குத்துது. சொன்னா வேலையால நிப்பாட்டிப் போடுவினம்" என்றார். 2009 இல் முள்ளிவாய்க்காலில் பட்ட காயம். வேலைக்குச் சேரும்போது படிவத்தில் 'காயம் இல்லை' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அவருடைய சம்பளத்தில்தான் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள்.

பிழை என்னுடையது. தோளைப் பார்த்த நான் காலைக் கேட்கவில்லை.

மெக்கானிக் அண்ணாவும் நானும் பெடலை இடது பக்கம் நகர்த்தினோம். வலது கால் மடங்கியபடி ஆறியிருக்க, கீழே ஒரு பலகை வைத்தோம். பிறகுதான் கதிரையை உயர்த்தினோம். இடது கால் பழகும்வரை அவருக்கு இலகுவான தையல் கொடுக்கச் செய்தேன். அறிக்கையில் பெடலை மாற்றியதை மட்டும் எழுதினேன். காயத்தைப் பற்றிச் சொல்வதா இல்லையா என்பது அவருடைய முடிவு.

வீட்டில் தைப்பவர்களும் சிலவற்றைக் கவனிக்கலாம். மேசை முழங்கை மட்டத்துக்குக் கிட்ட இருக்கட்டும். கதிரை உயர்ந்து கால் தொங்கினால் பலகை வையுங்கள். வெளிச்சம் ஊசியில் விழவேண்டும். இல்லாவிட்டால் கழுத்துத்தான் குனியும். அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் எழும்பி நடவுங்கள். செயற்கைக்கால் போட்டவர்கள், காயம் பட்டவர்கள் எந்தக் காலால் மிதிப்பது சுகமோ அந்தப் பக்கத்துக்குப் பெடலை மாற்ற முடியுமா என்று திருத்துபவரிடம் கேளுங்கள்.

தொழிற்சாலைகளுக்கும் ஒன்று சொல்லவேண்டும். காயம் உண்டா என்று படிவத்தில் கேட்பது, ஆளுக்கேற்ற இருக்கையைக் கொடுப்பதற்காக இருக்கவேண்டும். வேலை போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை யாரும் உண்மையை எழுதமாட்டார்கள்.

இப்போது நாடாவை விரிக்க முன்னர், "எங்க நோகுது அக்கா?" என்று கேட்கிறேன்.