ஒரு குழலுக்கென்றே ஒரு தோட்டா

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா, வயோமிங் சமவெளிகளில் பிரெய்ரி நாய் என்றொரு பிராணி உண்டு. பெயரில்தான் நாய், இனத்தில் அணில். வளை வாசலில் நிமிர்ந்து நின்றால் ஒரு சாணுக்குச் சற்று மேல் உயரம். மேய்ச்சல் நிலம் பாழாகிறது என்று பண்ணைக்காரர்களுக்கு அதன்மேல் கோபம். 300, 400 கஜம் தள்ளியிருந்து அதைச் சுடுவதற்கென்றே ஒரு கூட்டம் அங்கே போகிறது. அந்த வேட்டை எனக்கு உவப்பானதல்ல. அதற்கு முன் வீட்டு மேசையில் கையாலேயே தோட்டா செய்யும் வேலை மட்டும் பொற்கொல்லர் பட்டறையை நினைவூட்டுகிறது.

பித்தளைக் கூடு, அடியில் பொறி கிளப்பும் பிரைமர், வெடிமருந்து, நுனியில் குண்டு: தோட்டா என்பது இவ்வளவுதான். ஆலைத் தோட்டா எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்த வேண்டும். அதனால் எதிலும் கொஞ்சம் தளர்வாகவே உட்காரும். ஒருமுறை சுட்டதும் பித்தளை விரிந்து, அந்தத் துப்பாக்கியின் அறைக்கு அச்செடுத்தாற்போல் ஆகிவிடும். கைத்தோட்டாக்காரர் அந்தக் காலிக் கூட்டைப் பொறுக்கிவந்து, கழுத்தை மட்டும் இறுக்கி, மறுபடி நிரப்புகிறார்.

மருந்தின் எடைக்கு அலகு 'கிரெயின்': 64.8 மில்லிகிராம், ஏறக்குறைய அரைக் குன்றிமணி. அதிலும் பத்தில் ஒரு பங்குவரை நிறுப்பார்கள். பிறகு குண்டை எவ்வளவு ஆழம் செருகுவது என்ற கேள்வி. குழலின் உள்வரிகளுக்கும் குண்டுக்கும் இடையிலான மயிரிழை இடைவெளி மாறினால், இலக்கில் ஓட்டைகள் சிதறும். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, ஐந்தைந்தாகச் சுட்டு, குறிப்பேட்டில் எழுதுவார்கள்.

மருந்து கூடினால் குறி கூடும் என்பது புதியவர்களின் மயக்கம்; அளவு மீறினால் துப்பாக்கியே வெடிக்கும். தயாரிப்பாளரின் அட்டவணையில் குறைந்த அளவிலிருந்து தொடங்குவதே முறை. 1935-இல் வந்த .220 ஸ்விஃப்ட் தோட்டா நொடிக்கு 4,000 அடியைத் தாண்டியது. ஆனால் குறிப்போட்டிகளில் நெடுங்காலம் கோலோச்சியது, 1950-இல் வந்த, வேகம் குறைந்த .222 ரெமிங்டன்தான்.

இத்தனைக்குப் பிறகும் காற்று இருக்கிறது. மணிக்கு 16 கிலோமீட்டர் குறுக்குக்காற்று, 500 கஜத்தில் சிறு குண்டை ஒரு முழத்துக்கு மேல் தள்ளிவிடும்.

குழலும் நிலையாக இருப்பதில்லை. வேகத் தோட்டாக்களின் சூட்டில் அதன் தொண்டை அரித்து, உள்வரிகள் பின்வாங்கும். அப்போது செருகும் ஆழத்தை முதலிலிருந்து தேட வேண்டும்.