நடந்துகொண்டே கணக்குச் சொல்லுங்கோ

பார்க்கின்சன் என்றதும் நடுங்கும் கைதான் எல்லாருக்கும் நினைவில் வருகிறது. 1817இல் லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோயை விவரித்தபோதும் நடுக்குவாதம் என்றே பெயரிட்டார். ஆனால் தோளில் மண்வெட்டியோடு, கூட வருபவரிடம் கதைத்தபடி வயல்வரம்பில் நடப்பவர் எந்த இடத்தில் தடுமாறுவார் என்பதை அந்தக் கை சொல்லாது. அதற்கு இரண்டு வேலைகளைச் சேர்த்துக் கொடுத்துத்தான் பார்க்கவேண்டும். நடுமூளையில் டொபமினைச் சுரக்கும் கலங்கள் அழிய அழிய, பழகிய வேலைகளை யோசிக்காமல் செய்யும் திறமை தேய்கிறது. நடையையே நினைத்து நினைத்து நடக்கவேண்டி வருகிறது. கவனம் முழுவதும் காலுக்கே போய்விட்டால், கதைக்க ஏது மிச்சம்?

'ஆளுக்கு ஞாபகம் நல்லாத்தானே இருக்கு' என்று வீட்டார் சொல்வது பெரும்பாலும் சரிதான். ஆனால் ஞாபகம் வேறு, பழகிப் பழகிக் கற்பது வேறு. 1996இல் அமெரிக்காவில் நோல்ட்டன், மாங்கெல்ஸ், ஸ்குவயர் ஆகிய ஆய்வாளர்கள் சில உருவ அட்டைகளைக் காட்டி, மழையா வெயிலா என்று ஊகிக்கச் சொன்னார்கள். எந்த அட்டையும் உறுதியான விடை தராது. திரும்பத் திரும்பச் செய்யும்போது கை தானாகப் பிடித்துக்கொள்ளவேண்டும். பார்க்கின்சன் உள்ளவர்கள் இதில் பின்தங்கினார்கள், ஆனால் சோதனை எப்படி நடந்தது என்பதை நன்றாகவே சொன்னார்கள். ஞாபகமறதி நோயாளிகளிடம் இது தலைகீழாக இருந்தது. மருந்தும் கணக்கை மாற்றும்: மாத்திரை வேலைசெய்யும்போது பாராட்டிலிருந்தும், மருந்தில்லாதபோது பிழையிலிருந்தும் நோயாளிகள் கூடுதலாகக் கற்பதை மைக்கேல் ஃபிராங்க் குழுவினர் 2004இல் காட்டினார்கள். ஆகவே மாத்திரை போட்ட நேரத்தை எழுதாத சோதனைத்தாளை நான் நம்பமாட்டேன்.

நடைச் சோதனைக்கு ஸ்கானர் தேவையில்லை. ஒரு கதிரை, மூன்று மீற்றர் தரை, ஒரு கடிகாரம் போதும். எழும்பி நடந்து, திரும்பி வந்து இருக்க எத்தனை செக்கன் என்று முதலில் பார்ப்பார்கள். பிறகு அதே நடையை, நூறிலிருந்து மும்மூன்றாகக் கழித்துச் சொல்லியபடியோ நிறைந்த தேநீர்க் கோப்பையை ஏந்தியபடியோ நடக்கச் சொல்வார்கள். திரும்பும் இடத்தில்தான் பார்க்கவேண்டும்: அடி குறுகும், கைவீச்சு நிற்கும், சிலருக்குப் பாதம் தரையோடு ஒட்டிவிடும். வயதானால் எல்லாரும்தான் மெதுவாவார்கள் என்று கேட்கலாம். உண்மைதான், அதனால்தான் ஒருவரை அடுத்தவரோடு ஒப்பிடாமல் அவருடைய தனிநடையோடே ஒப்பிடுகிறார்கள். கழித்தல் கணக்கு நோயையா படிப்பையா அளக்கிறது என்பது இதைவிடக் கனமான கேள்வி. போரும் இடப்பெயர்வும் பள்ளிக்கூடத்தைப் பாதியில் நிறுத்திய வன்னியில் அதைத் தட்டிக்கழிக்க முடியாது. கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லலாம். குளங்களின் பெயர்களைக் கேட்கலாம். எதைக் கேட்டாலும் முதலில் இருந்தபடி சொல்லவைத்து அளந்துகொள்ளவேண்டும். கண்டுபிடித்து என்ன பயன், ஒரு நேரத்தில் ஒரு வேலையைச் செய் என்றால் போதாதா என்பவர்களும் உண்டு. விழும் ஆபத்துள்ளவருக்கு அந்த அறிவுரை நல்லதே. ஆனால் பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் நடந்து 2017இல் வெளிவந்த டுவாலிட்டி ஆய்வில், இரண்டு வேலைகளைச் சேர்த்துப் பழகியவர்களுக்கும் தனித்தனியே பழகியவர்களுக்கும் இரட்டை வேலை நடை தேறியது; விழுகை கூடவுமில்லை.