உண்ண மறுக்கும் கடல் மீன்

ஊரை விட்டு வந்து மாணவர் விடுதியிற் சேர்ந்த சிறுவன் முதல் நாள் இரவு சோற்றுத் தட்டை ஒதுக்கி வைப்பதை ஆசிரியராக இருந்தோர் யாவரும் கண்டிருப்பர். அவனுக்குப் பசி இல்லாமல் இல்லை. இடம் புதிது; சுற்றியிருப்போர் புதியர்; தட்டில் இருப்பது தாயின் கைச்சோறன்று. கடலிலிருந்து பிடித்துக் கண்ணாடித் தொட்டியில் விடப்படும் மீனின் நிலையும் ஏறக்குறைய இத்தகையதே. ஆனால் சிறுவன் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ உண்டுவிடுவான். மீன்களிற் சில, உணவு முன்னே கிடக்க, உண்ணாமலே இறந்துபோகின்றன. அது ஏன், அதனைத் தவிர்க்க வழி உண்டா என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

நேயர்களே, இதனை நான் முதலில் நூலிற் கற்கவில்லை. ஒரு தவறிலிருந்து கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பாடசாலையின் விஞ்ஞானகூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியை அமைத்து, யாழ்ப்பாணக் கடல்நீரேரியின் நீரால் நிரப்பினோம். களங்கண்டி வலையில் உயிருடன் அகப்பட்ட கடற்குதிரை ஒன்றை மாணவர் கொண்டுவந்து அதில் விட்டனர். காய்ந்த இறாற் தூளையும் பாண் துணுக்கையும் நாள்தோறும் இட்டோம். அது ஒன்றையும் தீண்டவில்லை. வாலாற் கடற்புல் ஒன்றைப் பற்றியபடி நின்றது. கண்கள் மட்டும் அசைந்தன. பன்னிரண்டாம் நாட் காலை அது தொட்டியின் அடியிற் கிடந்தது. "பிடிவாதம் பிடித்த பிராணி," என்று மாணவரிடம் கூறினேன். அங்கே நின்ற முதிய கடற்றொழிலாளி ஒருவர் அதைக் கேட்டுச் சிரித்தார். "பிடிவாதமில்லை, மாஸ்டர். நீங்கள் போட்டது சாப்பாடெண்டு அதுக்குத் தெரியேல்லை," என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. கடற்குதிரை கண்ணால் வேட்டையாடும் மீன். அதன் இரு கண்களும் தனித்தனியே சுழல வல்லவை. சாதாளைக்கும் கடற்புல்லுக்கும் இடையே அசையாமல் நின்று, நீந்திவரும் நுண்ணிய இறாலினங்களை நோக்கியிருக்கும். இரை அருகில் வந்ததும் குழல் போன்ற வாயால் நீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும். அசையாத தூள் அதன் கண்ணுக்கு வெறும் மண்ணே. அன்றியும், கடற்குதிரைக்குப் பல்லும் இல்லை, இரைப்பையும் இல்லை. உண்டது விரைவில் குடலைக் கடந்து போய்விடுவதால், அது பகலிற் பல முறை உண்ண வேண்டும். ஆகவே நீண்ட பட்டினியை அதனாற் தாங்க இயலாது.

உணவு என்பது மீனுக்கு ஒரு பொருள் மட்டுமன்று. அது ஓர் உருவம், ஓர் அசைவு, ஓர் இடம், ஒரு வேளை. நம் கரையோரத்து ஓரா மீன் பாசியையும் கடற்புல்லையும் மேய்வது. இலைக்கறியைக் கல்லிற் கட்டி வைத்தாற் கூட மேயத் தொடங்கிவிடும். நச்சு முட்களையுடைய சிங்கமீனோ பெரும்பாலும் மாலை மங்கும் வேளையில் உயிருள்ள இரையைத் தேடுவது. அதற்கு நண்பகலில் இறைச்சித் துண்டை இடுவது வீண். பவளப் பாறையின் இடுக்குகளிற் கொத்தி உண்ணும் வண்ணாத்திப்பூச்சி மீன்களுக்கு, நீரில் மிதக்கும் உணவு உணவாகவே தோன்றாது.

எனவே உண்ண மறுக்கும் மீனைப் பழக்க விரும்புவோர் முதலில் உணவைப் பற்றியன்று, நீரைப் பற்றியே கவலைகொள்ள வேண்டும். கடல் நீரில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 35 பங்கு உப்பு உண்டு. நம் கடல்நீரேரியிலோ மாரி மழையில் உப்பு குறைந்தும், கடுங்கோடையில் மிகுந்தும் போகும். ஆகவே எடுத்த இடத்தையும் பருவத்தையும் நோக்காமல் அந்நீரைத் தொட்டியில் நிரப்புவது தவறு. இனி, உண்ணாது எஞ்சிய உணவு அழுகி அமோனியாவாக மாறும். அது மீனின் பூக்களைத் தாக்கும். பூக்கள் நோயுற்ற மீன் மேலும் உண்ணாது. அது உண்ணவில்லையே என்று நாம் மேலும் உணவிடுவோம். இவ்வாறு நம் இரக்கமே அதற்கு நஞ்சாகிவிடும். ஆதலின் சிறிது சிறிதாகப் பல முறை இட்டு, எஞ்சியதை உடனே அகற்றுதல் வேண்டும். முதல் நாள் உணவே வேண்டாம். மங்கிய ஒளியும், ஒளிந்துகொள்ளக் கல் இடுக்கும், துரத்தும் பெரிய மீன் இல்லாத அமைதியும் போதும்.

அடுத்தது பழக்கும் முறை. அதற்கு நான்கு படிகள் உண்டு. முதற் படியில் உயிருள்ள இரையே இட வேண்டும். நம் கரையில் உயிருள்ள கூனி கிடைக்கும். உப்பளங்களில் வாழும் ஆர்ட்டீமியா என்னும் சிற்றுயிர் மற்றொன்று. தூத்துக்குடி உப்பளங்களிலும் அது காணப்படுகிறது. அதன் முட்டைகள் உலர்ந்த நிலையில் ஆண்டுக்கணக்காகக் கெடாதிருக்கும். உப்பு நீரிலிட்டு வெதுவெதுப்பாக வைத்தால் ஏறக்குறைய ஒரு நாளிற் பொரித்துவிடும். பொரித்த குஞ்சு அரை மில்லிமீற்றர் அளவே இருக்கும். பொரித்தவுடன் அதில் உள்ள சத்து, நேரம் செல்லச் செல்லக் குறைந்துவிடுவதால் தாமதமின்றி இடுதல் நன்று. மீன் ஒரு முறை உண்ணத் தொடங்கிவிட்டால் பாதி வெற்றி கிட்டியதென்றே கொள்ளலாம்.

இரண்டாம் படியில், உயிருள்ள பத்துக் கூனிகளுடன் இறந்த கூனி ஒன்றிரண்டைக் கலந்து விட வேண்டும். பரபரப்பில் மீன் அவற்றையும் உண்டுவிடும். மூன்றாம் படியில், இறந்தவற்றைக் கூட்டி உயிருள்ளவற்றைக் குறைத்து, காற்றுக் குழாயின் ஓட்டத்தில் அவை அசைந்து மிதக்குமாறு செய்ய வேண்டும். சிங்கமீனுக்கு மெல்லிய ஈர்க்கிற் குத்திய இறாலை நீரில் மெல்ல அசைத்துக் காட்டலாம். கொத்தி உண்ணும் மீனுக்குத் திறந்த மட்டியை ஓட்டோடு வைத்தாலும், அரைத்த இறாலை முருகைக்கல்லின் துளைகளில் அப்பி வைத்தாலும் பயன் தரும். நன்றாக உண்ணும் சாதுவான மீன் ஒன்று உடனிருப்பின், புதிய மீன் அதைப் பார்த்துப் பழகுவதும் உண்டு. நான்காம் படியில்தான் உறைய வைத்த உணவும் மற்றைய தயாரித்த உணவும் வரும். இதற்குச் சில நாட்களும் ஆகலாம், சில வாரங்களும் ஆகலாம். ஒரு படியில் மீன் மறுத்தால் முந்திய படிக்குத் திரும்ப வேண்டும். பட்டினி போட்டுப் பணிய வைக்க முயலக் கூடாது.

எத்துணைப் பொறுமை காட்டினும் பழகாத மீன்களும் உள. வண்ணாத்திப்பூச்சி மீன்களில் ஒரு சாரார் பலவகை உணவை உண்பர். வேறு சாரார் உயிருள்ள பவளப் பூச்சியின்றி வேறெதனையும் உண்ணார். 1998 ஆம் ஆண்டு கடல் வெப்பமடைந்து ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் றீஃப் என்னும் பாறைத் தொடரிலும் பவளங்கள் வெளிறிப் பெருமளவில் மடிந்தபோது, கடலுக்குள்ளேயே இத்தகைய மீன்களின் உணவு அற்றுப்போயிற்று. கடலே அளிக்க இயலாத உணவைக் கண்ணாடித் தொட்டி எவ்வாறு அளிக்கும்? பிற மீன்களின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்று துப்புரவு செய்யும் சிறு மீனொன்றும் உண்டு. ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டத்தின் 2003 ஆம் ஆண்டு அறிக்கை, இம்மீன் தொட்டி வாழ்வுக்கு ஏற்றதன்று எனவும், ஆயினும் பெருமளவில் விற்கப்படுகிறது எனவும் எடுத்துக்காட்டுகிறது.

இது நமக்குத் தொலைதூரச் செய்தியன்று. அழகுக்காகக் கடல் மீனைப் பிடித்து ஏற்றுமதி செய்யும் தொழில், 1930 களிற் சிறிய அளவில் இலங்கையிலேயே தொடங்கியது என்பர். இன்றும் உலகச் சந்தைக்கு வரும் கடல் அலங்கார மீன்களிற் பெரும்பாலானவை கடலிற் பிடிக்கப்பட்டவையே. ஆயின் வேறு வழியும் உண்டு. பாக்குநீரிணைக்கு அப்பால், மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து, குஞ்சுகளை முதலில் ரொட்டிபர் என்னும் நுண்ணுயிராலும் பின்னர் ஆர்ட்டீமியாவாலும் வளர்த்துள்ளனர். தொட்டியிற் பிறந்த மீன், நாம் இடும் உணவையே உணவென்று அறிந்து வளர்வது. அதற்குப் பழைய வீடு என்று ஒன்று இல்லை. ஆகவே மீன் வாங்குவோர் இரண்டு கேள்விகளைக் கேட்டல் நன்று. இது தொட்டியிற் பிறந்ததா என்பது ஒன்று. என் கண்முன்னே இதற்கு உணவிட்டுக் காட்டுவீரா என்பது மற்றொன்று. கடையில் உண்ணாத மீன் வீட்டில் உண்ணும் என்று நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

கடற்குதிரையின் சர்வதேச வர்த்தகம் 2004 முதல் உடன்படிக்கையாற் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. அதனை விலைக்கு வாங்கி வளர்க்குமாறு நான் எவருக்கும் கூறேன். ஆனால் எங்கள் கதையின் முடிவையும் சொல்லிவிடுதல் முறை. மறு ஆண்டு அதே வலையில் மற்றொரு கடற்குதிரை அகப்பட்டது. இம்முறை மாணவர் விடியற்காலையில் சிறு வலையும் வாளியும் எடுத்துச் சென்று உயிருள்ள கூனி கொண்டுவந்தனர். மூன்றாம் நாள் அது முதற் கூனியை உறிஞ்சியபோது வகுப்பே ஆரவாரித்தது. நான்கு வாரத்தில் இறந்த கூனியையும் உண்ணலாயிற்று. வேறு மீன் எதனோடும் கலவாமல் தனியே வைத்திருந்தமையால், தவணை முடிவில் அதைப் பிடித்த இடத்துக்கே கொண்டுசென்று புல்லிடையே விட்டோம்.

அன்று மாலை, முதற் கடற்குதிரையைப் பற்றி நான் கூறிய 'பிடிவாதம்' என்ற சொல்லை மாணவர் முன்னிலையிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டேன். விடுதியிற் சோற்றுத் தட்டை ஒதுக்கும் சிறுவனைப் பற்றியும் அச்சொல்லை இப்பொழுது நான் எளிதில் உபயோகிப்பதில்லை. வீட்டில் என்ன உண்பாய், யாரோடு இருந்து உண்பாய் என்றுதான் முதலிற் கேட்கிறேன்.